ஒரே சர்வரில் தொடங்குவது



ஒரு மென்பொருளைத் தனித்தனியே இயங்கும் பல சிறு சேவைகளாகப் பிரித்து, நெட்வொர்க் வழியாக ஒன்றோடொன்று பேசவைப்பது மைக்ரோசர்வீஸ் முறை. 2014இல் ஜேம்ஸ் லூயிசும் மார்ட்டின் ஃபவுலரும் எழுதிய கட்டுரைக்குப் பின் இச்சொல் பரவலாயிற்று. முழுவதையும் ஒரே நிரலாக எழுதி, ஒரே டேட்டாபேஸோடு ஓட்டுவது மோனோலித்.

பிரிப்பதன் முதல் செலவு நெட்வொர்க். ஒரே நிரலுக்குள் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கச் சில நானோவினாடிகள் போதும். ஒரே டேட்டா சென்டருக்குள் என்றாலும், இன்னொரு சர்வரிடம் கேட்டுப் பதில் பெற ஏறக்குறைய அரை மில்லிவினாடி ஆகும். அந்த அழைப்பு பாதியில் அறுந்தும் போகலாம். ஒரு கோரிக்கை நிறைவேற 10 சேவைகள் தேவை என்றால், ஒவ்வொன்றும் 99.9 சதவீத நேரம் இயங்கினாலும் மொத்தத்தில் கிடைப்பது 99 சதவீதம்தான். மாதத்துக்கு 43 நிமிடமாக இருந்த முடக்கம் 7 மணி நேரமாகிவிடும்.

இரண்டாவது செலவு தரவில். ஆர்டரைப் பதிவதும் சரக்கிருப்பைக் குறைப்பதும் ஒரே டேட்டாபேஸில் ஒரே ட்ரான்சாக்‌ஷன்: நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டும் நடக்காது. இவை இரு சேவைகளானால், ஒன்று முடிந்து மற்றது தவறும்போது முடிந்ததை ரத்து செய்யும் நிரலையும் எழுதியாக வேண்டும். பிழை தேடுபவர் பத்து இடங்களின் லாகைப் புரட்ட வேண்டும்.

பயனர் பெருகினாலே பிரித்தாக வேண்டும் என்பதில்லை. 2016இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 9 வெப் சர்வர்களைக் கொண்டு நாளொன்றுக்கு 20 கோடிக்கும் மேற்பட்ட கோரிக்கைகளைச் சமாளித்தது; அது மோனோலித். அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பின் சிதறிக் கிடந்த பகுதிகளை ஒரே நிரலாக்கிச் செலவை 90 சதவீதம் குறைத்ததாக 2023இல் அறிவித்தது.

பிரிப்பது பெரும்பாலும் மென்பொருளை எழுதுவோர் பெருகும்போது எழும் சிக்கலுக்கான தீர்வு. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் அதன் குழுக்களின் தொடர்பு அமைப்பையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968இலேயே எழுதினார். பல குழுக்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து வெளியீடு தாமதமாகும்போது பிரிப்பது பயன் தரும். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு அந்தச் சிக்கலே கிடையாது.

அத்தகைய குழுவுக்கு ஒரு நிரல், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மீட்டெடுத்துச் சோதித்த பேக்கப் ஆகியவை போதும். நிரலுக்குள் கட்டணம், இருப்பு, பயனர் ஆகிய பகுதிகளின் எல்லைகள் தெளிவாக இருக்க வேண்டும். வீடியோவின் வடிவத்தை மாற்றுவது போல ஒரு பகுதிக்கு மட்டும் வேறு வகை சர்வர் தேவைப்பட்டால், அந்த எல்லையில் அதை மட்டும் வெளியே எடுக்கலாம்.