மகசீருக்கும் ஒரு பங்கு

காவிரி நீருக்காக இரு மாநிலங்களும் வழக்காடுகின்றனவே, அழிந்துவரும் ஆற்று மீன்களுக்கென்று ஏதாவது பங்கு உண்டா? – வாசகர், பேளுக்குறிச்சி

மீனின் பெயரில் இல்லை. ஆற்றின் பெயரில் உண்டு. 2007-இல் நடுவர் மன்றம் சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதில் கைவைக்கவில்லை. அதே ஆண்டில்தான், காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத திமில் மகசீர், அழிவின் விளிம்பிலுள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய மீன்!

ஆனால் நீரின் அளவு மட்டும் போதாது. மழைக்காலப் புதுவெள்ளத்தில் மேலேறி முட்டையிடும் இனம் அது. மேட்டூர்ச் சுவரைத் தாண்ட அதனால் முடியாது. இந்த மீன் இன்னும் வாழும் மோயாற்றிலாவது மின் நிலையங்களுக்காக நீரைத் திடீரெனத் திறந்து மூடாமல், படிப்படியாக விட வேண்டும். ஆரஞ்சுத் துடுப்பும் முதுகுத் திமிலுமாக ஒன்று உங்கள் வலையில் சிக்கினால், ஈரக் கையாலேயே பிடித்து உடனே ஆற்றில் விட்டுவிடுங்கள்.