குளியலறையில் காஸ் பொயிலர்: வாடகை வீட்டில் கவனிக்க வேண்டியவை

நமது கிராமங்களில் எத்தனையோ வீடுகளின் பிள்ளைகள் இன்று லண்டனில் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். அங்கே வீட்டைச் சூடாக்குவதும் குளிக்க வெந்நீர் தருவதும் பெரும்பாலும் குழாய்வழி வரும் காஸில் எரியும் பொயிலர்தான். இடம் குறைந்த வீடுகளில் அது சிலவேளை குளியலறைச் சுவரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அப்படி வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் ஒரேயொரு வகையை மட்டுமே.

காரணத்தை முதலில் விளங்கிக்கொள்வோம். ஒரு கன மீற்றர் காஸ் முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீற்றர் காற்று வேண்டும். 24 கிலோவாற்றுப் பொயிலர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்குச் சுமார் 2.4 கன மீற்றர் காஸ் செலவாகும். அதற்கு வேண்டிய காற்று 24 கன மீற்றர். இரண்டு மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமும் கொண்ட குளியலறையிலுள்ள காற்று மொத்தமே பத்துக் கன மீற்றர்தான். அறைக் காற்றை எடுத்து எரியும் பொயிலர் அங்கே இருந்தால், கதவைச் சாத்திக் குளிப்பவருக்கும் நெருப்புக்கும் இடையே போட்டிதான். காற்றுப் போதாத நெருப்பு காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். ஈர ஆவியை அகற்றும் மின்விசிறியே புகைபோக்கியால் போகவேண்டிய புகையைத் திரும்ப உள்ளே இழுத்துவிடுவதும் உண்டு.

நமது அடுப்படியில் புகை ஓட்டிடுக்கால் போய்விடும். அங்கே குளிருக்கு அஞ்சி ஒரு நூல் இடைவெளியும் விடாமல் அடைக்கிறார்கள். ஊர்ப் பழக்கத்தைக் கொண்டு அந்த அறையை அளக்கக் கூடாது.

ஆகவேதான் பிரித்தானியாவின் 1998ஆம் ஆண்டுக் காஸ் பாதுகாப்பு விதிகள், குளியலறையில் அறைக் காற்றோடு தொடர்பில்லாதபடி அடைக்கப்பட்ட பொயிலரை மட்டுமே பொருத்த அனுமதிக்கின்றன. இது வெளியிலிருந்தே காற்றை எடுத்து, புகையையும் வெளியிலேயே விடும். குளியலறைக்குள் திறக்கும் அலுமாரியில் வைத்தாலும் விதி இதுவே. வெளிச்சுவரில் தெரியும் இதன் புகைக்குழாய் வாயை, குளிர்காற்று வருகிறதென்று துணியாலோ மட்டையாலோ அடைப்பது பெரும் பிழை. பொயிலரின் மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் அப்படியே.

யார் பொருத்தலாம்? 2009 ஏப்ரல் முதல் ‘காஸ் சேஃப்’ பதிவேட்டில் உள்ளவர் மாத்திரமே. அவரிடம் படமுள்ள அட்டை இருக்கும். எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அதன் பின்புறத்தில் இருக்கும். திருப்பிப் பார்க்கக் கூச்சப்படவேண்டாம். தெரிந்த பையன் மலிவாகச் செய்து தருவான் என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்த மலிவு யாருடைய மூச்சில் மிச்சம் பிடிக்கப்படுகிறது என்று யோசிக்கவேண்டும்.

வீட்டுக்காரர் தமது பொயிலரை 12 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பிக்கவேண்டும். பரிசோதனைப் பத்திரத்தின் பிரதியை 28 நாட்களுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுக்கவேண்டும். புதிதாக வருபவருக்குக் குடிபுகுமுன்னரே கொடுக்கவேண்டும். “அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒப்பந்தத்தில் எழுதி இப்பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பலர் சேர்ந்திருக்கும் வீடுகளில் இப்பத்திரத்தை ஒருவருமே கண்டிராதிருக்கலாம். கேட்டு வாங்குங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் 2022 ஒக்டோபர் முதல், பொயிலர் உள்ள அறையில் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியையும் வீட்டுக்காரர் வைக்கவேண்டும். குளியலறையும் இதில் அடங்கும்.

தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், காய்ச்சலில்லாத சோர்வு. வெளியே போனால் சுகம், வீட்டுக்கு வந்தால் மீண்டும் வருத்தம். கூட இருப்பவர்களுக்கும் அதே குணம். இவற்றைத் தடிமன் என்று எண்ணிப் படுத்துவிடக்கூடாது. பொயிலரை நிறுத்தி, யன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, 0800 111 999 என்ற இலவச இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். வைத்தியரிடம் காபனோரொட்சைட்டு என்ற சொல்லைச் சொல்லியே இரத்தப் பரிசோதனை கேட்கவேண்டும். சுத்தமான காற்றில் நின்றால் சில மணி நேரத்தில் அதன் அளவு இரத்தத்தில் குறைந்துவிடும் என்பதால், அடுத்த நாள் வரை பொறுத்தால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமற் போகலாம்.