சாவியை விட்டதும் நிற்கிறதா, சற்று ஓடி நிற்கிறதா?

"செல்ஃப் நல்லா எடுக்குது, ஸ்டார்ட்டும் ஆகுது, உடனே ஆஃப் ஆயிடுது." வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தால், இந்தப் புகாரோடு ஒரு கார் சீக்கிரமே உங்களிடம் வரும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவை 2 ஆண்டு படித்தவருக்குப் பெட்ரோல், காற்று, தீப்பொறி மூன்றும் மனப்பாடம். எது தவறியது என்று சொல்ல, பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு.

"சாவியை விட்டதுமே நிக்குதா பாய், ரெண்டு செகண்ட் ஓடி நிக்குதா? ரேஸ் குடுத்தா ஓடுதா? சமீபத்துல பேட்டரி மாத்துனீங்களா?"

சாவி ஸ்டார்ட் நிலையிலிருந்து திரும்பும் அதே கணத்தில் என்ஜின் நின்றால், முதல் சந்தேகம் இக்னிஷன் சுவிட்ச். ஸ்டார்ட்டில் கரண்ட் போகிறது, ஆன் நிலையில் போகவில்லை. டெஸ்ட் லாம்ப் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஓரிரு நொடி ஓடி நிற்கிறது, டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறது என்றால் இம்மொபிலைசர். வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுப் பாருங்கள்.

ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியிருந்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் நிற்கிறதா? அப்போது ஐடிலிங்குக்கு வேண்டிய காற்றுதான் குறை. த்ராட்டில் பாடியில் கார்பன் படிந்திருக்கும். அதைத் துடைத்த பிறகும் பல வண்டிகளில் ஸ்கேனர் மூலம் ஐடிலிங்கை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் இந்தத் தொல்லை வந்ததாகச் சொன்னால், எந்தப் பாகத்தையும் மாற்றாமல் அங்கிருந்தே தொடங்குங்கள். காற்றுக் குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதே அறிகுறி வரும். 'உஸ்' என்ற சத்தத்துக்குக் காது கொடுங்கள்.

ரேஸ் கொடுத்தும் ஓடவில்லை, அணைந்துவிடுகிறது என்றால் பெட்ரோல் பக்கம் திரும்புங்கள். இக்னிஷனை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில் பம்ப் சுமார் 2 நொடி முனகும். முனகல் கேட்டால் மட்டும் போதாது, அழுத்தத்தை கேஜ் வைத்து அளக்க வேண்டும். பல பெட்ரோல் கார்களில் அது 3 பார் அளவில் இருக்கும். அந்த வண்டிக்குரிய சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டி என்றால் முதலில் லைனில் ஏர் பிடித்திருக்கிறதா, ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவையெல்லாம் எந்த ஊர் பட்டறைக்கும் பொருந்தும். நம் பகுதிக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. இங்கே தோல் பதனிடும் டேனரிகளில் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர் அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு எழும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் அந்த வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். ரிலேயின் முனைகளும் கனெக்டர் ஊசிகளும் எந்த உலோகம் என்று நினைத்துப் பாருங்கள். பச்சைத் தோலை உப்பிட்டுத்தான் ஏற்றி இறக்குகிறார்கள். அந்த உப்புநீர் சொட்டும் வண்டியில் பாடியோடு போல்ட் போட்ட எர்த் ஒயர் துருப்பிடித்துப்போகும். அதனால் டேனரி வாசலில் நாள் முழுக்க நிற்கும் வண்டியாக இருந்தால் ரிலே, கனெக்டர், எர்த் மூன்றையும் பார்க்காமல் எந்தப் பாகத்துக்கும் விலை சொல்லாதீர்கள்.

நான் வேலை கற்ற காலத்தில் இப்படித்தான் ஒரு வேனுக்குப் பம்ப் மாற்றினேன். இரண்டு நாளில் அதே புகாரோடு திரும்பி வந்தது. மீட்டரில் தொடர்ச்சி பார்த்தபோது பம்பின் எர்த் ஒயர் சரி என்றே காட்டியிருந்தது. ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 'பீப்' அடிக்கும், ஆனால் பம்ப் இழுக்கும் கரண்ட்டை அந்த இழை தாங்காது. அந்த வேன்காரரின் பணம் வீணாய்ப் போனது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

சரியான வழி, பம்ப் ஓடும்போதே அளப்பது. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையைப் பம்பின் எர்த் ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, இறுக்கி மாட்டுங்கள். பெட்ரோல் லைனைத் தொடும் முன் அழுத்தத்தை இறக்குவதும், கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுவதும் மறக்கக் கூடாதவை.

ஜாப் கார்டில் "பம்ப் சரி செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். சரி செய்வதற்கு முன் எத்தனை வோல்ட், பின் எத்தனை என்று இரண்டையும் எழுதுங்கள். பட்டறை முதலாளி உங்களை நம்பித் தனியாக வண்டியைக் கொடுப்பது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான்.

சூடான என்ஜின் பல கோளாறுகளை மறைத்துவிடும். முடிந்தால் வண்டியை ஓர் இரவு பட்டறையிலேயே நிறுத்திவைத்து, காலையில் குளிர்ந்த என்ஜினை வண்டிக்காரரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.