ஆலை நிலமும் ஒரு சொல்லும்

நிலத்தின் பங்கை நிர்ணயிப்பது எது? சந்தை என்றே நானும் எண்ணியிருந்தேன். மும்பை லால்பாகில், ‘சால்’ எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்பொன்றில் தங்கிப் படிக்கத் தொடங்கியபின் அவ்வெண்ணம் மாறிற்று.

மும்பையின் முதல் பஞ்சாலை நிறுவனம் 1854-இல் தோன்றியது. பின்னர் ஆலைகள் பெருகின. அவற்றைச் சூழ்ந்து தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. 1982-இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் பல ஆலைகள் மூடப்பட்டன. தறி ஓய்ந்தது; நிலத்தின் விலையோ ஏறியது.

1991-ஆம் ஆண்டு விதி ஆலை நிலத்தை ஏறத்தாழ மூன்று சம கூறுகளாக்கிற்று: திறந்தவெளிக்கு ஒன்று, பொது வீட்டுவசதிக்கு ஒன்று, உடையவருக்கு ஒன்று. 2001-ஆம் ஆண்டுத் திருத்தமோ, கட்டடமில்லாத ‘வெற்று’ நிலத்தை மட்டுமே பங்கிடச் சொன்னது.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்பது ஏக்கர் ஆலையில் வெற்று நிலம் மூன்று ஏக்கர் என்க. முன்னர்ப் பொதுமக்களுக்கு ஆறு ஏக்கர், பின்னர் இரண்டே! 2006-இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது.

இன்று என் சன்னலுக்கு எதிரே வான்முட்டும் மாளிகைகள். கீழே சிறுவர் விளையாடத் தெருவன்றி வேறிடமில்லை. சட்டம் பயிலும் தோழர்களே, விதிகளைச் சொல் சொல்லாகப் படியுங்கள்!