கேமரன் மலைக்குப் பள்ளிச் சுற்றுலா: ஒரு நாளுக்கு ஒரு தோட்டம் போதும்

ஒரே நாளில் கேமரன் மலையில் எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஒரு தேயிலைத் தோட்டம், நேரமிருந்தால் அருகில் இன்னும் ஓர் இடம். அவ்வளவுதான் என் பதில். தேயிலை, ஸ்ட்ராபெரி, வண்ணத்துப்பூச்சி, தேனீ, சந்தை என ஐந்து இடங்களை அடுக்கினால், பிள்ளைகள் பெரும்பொழுதைப் பேருந்திலேயே கழிப்பார்கள். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் மலைமேலுள்ள பிரிஞ்சாங் ஊர்ப் பக்கம் வாகனங்கள் நகராமல் நிற்பது வழக்கம். ஆகவே முடிந்தவரை வாரநாளையே தேர்ந்தெடுங்கள்.

சிரமம் சாலையில் தொடங்குகிறது. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைமேலுள்ள தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வழி நெடுகக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவையும் உள்காது (உடலின் சமநிலையை உணரும் உறுப்பு) உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. கைப்பேசியையோ முன் இருக்கையையோ பார்க்கும் கண், அசைவே இல்லை என்கிறது. இரண்டும் முரண்படுவதால்தான் பயணக் குமட்டல் (வாகன அசைவால் வரும் வாந்தி உணர்வு) வருகிறது. தொடக்கப்பள்ளி வயதினருக்கு இது அதிகம். இது நோயல்ல.

வாந்திக்கு முன்பே அறிகுறிகள் தெரியும். கலகலவென்று பேசிய பிள்ளை திடீரென்று அமைதியாகும்; அடிக்கடி கொட்டாவி விடும்; முகம் வெளுக்கும்; நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பும்; வாயில் எச்சில் ஊறும். அந்த நிலையிலேயே பிள்ளையை முன் இருக்கைக்கு மாற்றி, தொலைவில் தெரியும் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று முகத்தில் படட்டும். பாதுகாப்பாக நிறுத்த இடம் கிடைத்தால் பத்து நிமிடம் இறங்கி நிற்பது நல்லது.

வெறும் வயிற்றோடு ஏற்றினால் வாந்தி வராது என்பது தவறு. புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன் ரொட்டி, இட்லி போன்ற எளிய உணவு கொடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வளைவுகளில் குலுங்கும்போது குமட்டலுக்கென்று கொடுக்கும் கொட்டையுள்ள ஆசாம்போய் (உப்பிட்ட உலர் பழம்) வாயில் இருந்தால் தொண்டையில் சிக்கக்கூடும். பேருந்து முழுக்கத் தைலம் தேய்த்தால், அந்த நெடியே மற்றப் பிள்ளைகளுக்குக் குமட்டலைத் தூண்டும். மாத்திரை தேவையென்றால் பெற்றோர் மருத்துவரிடம் கேட்டு, வீட்டிலேயே கொடுத்தனுப்பட்டும். ஒரு பிள்ளையின் மாத்திரையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். இறங்கிய பிறகும் வாந்தி நிற்காமல் தலைவலியோ மயக்கமோ இருந்தால் தானா ராத்தா அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

2010 டிசம்பர் 20 அன்று, கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் செல்லும் மலைச்சாலையில் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அல்ல, பேருந்தைக் கவனித்துத் தேர்ந்தெடுப்பதற்காக. மாடிப் பேருந்து வேண்டாம். ஒவ்வோர் இருக்கையிலும் வார்ப்பட்டை இருக்க வேண்டும். இருட்டுமுன் மலையிறங்கிவிட வேண்டும். தொடர்மழைக் காலத்தில் மண்சரிவு நேரும் என்பதால், முந்தின நாள் கனமழை பெய்திருந்தால் தயங்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இனி தோட்டம். 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய ‘போ’ (BOH) தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டத்தில் தேயிலை உருவாவதை நேரில் பார்க்கலாம். உள்சாலை குறுகலானது; ஆகவே உங்கள் பேருந்து போக முடியுமா, எந்த நாளில் விடுமுறை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையாக நடத்திச் சென்று படம் எடுத்துத் திரும்புவதில் பயனில்லை. அனுமதி கேட்டு ஒரு கொழுந்தை (இரண்டு இளம் இலையும் ஒரு மொட்டும்) வாங்கி, பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொல்லுங்கள். முதலில் பச்சைப் புல் வாசம் வரும். சற்று நேரத்தில் கசங்கிய ஓரங்கள் செம்பழுப்பாக மாறத் தொடங்கும். ஆக்சிசனேற்றம் (இலைச்சாறு காற்றோடு வினைபுரிவது) இதுதான். பிறகு ஆலைக்குள் வாட்டுதல், உருட்டுதல், நிறம் மாற விடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என ஒவ்வொரு படியையும் அடையாளம் காணச் சொல்லுங்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்ற கணக்கையும் அங்கேயே போடலாம்.

இந்தச் சரிவுகளில் தேயிலை நட்டு வளர்த்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். இன்று கொழுந்து பறிப்பவர்களில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். இந்த மாற்றத்தைப் பிள்ளைகளிடம் பேசுங்கள். உழைப்பவரைப் படம் எடுக்குமுன் அவரிடம் அனுமதி கேட்கக் கற்றுக்கொடுங்கள்.

ஈரமான காட்டோரத்தில் அட்டை கடித்தால் பதற வேண்டாம். உப்பு, புகையிலை, நெருப்பு எதுவும் தேவையில்லை. நகத்தால் அதன் வாயோரத்தை மெல்ல நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் கசிவு சற்று நீடிக்கும். கடிவாயைக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

மறுநாள் வகுப்பில், கொழுந்து தேயிலையாகும் படிகளை நோட்டைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலோர் சொல்லிவிட்டால், அடுத்த ஆண்டும் பட்டியலில் இடங்களைக் கூட்டாதீர்கள்.