அக்காவின் எண்ணை யாருக்குக் கொடுக்கிறோம்?

நம்பிக்கை: "என் போனில் மறைக்க என்ன இருக்கிறது? எல்லா அனுமதியும் கொடுத்தால்தான் என்ன?"

உண்மை: உங்கள் போனில் இருப்பது உங்கள் தகவல் மட்டுமல்ல. காண்டாக்ட்ஸில் அக்கா, சம்பந்தி, மேலதிகாரி, பிள்ளையின் டீச்சர் என எத்தனையோ பேர். அவர்கள் யாரும் எந்தச் செயலிக்கும் சம்மதம் சொல்லவில்லை. 'அலவ்' (Allow) பொத்தானைத் தொட்டு, அவர்கள் எல்லோருக்காகவும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்.

கொரோனா காலத்தில் பெருகிய உடனடிக் கடன் செயலிகள் பல இதை வைத்தே பிழைத்தன. ஐயாயிரம், பத்தாயிரம் கேட்டு வந்தவரின் தொடர்பு எண்களையும் படங்களையும் முதலிலேயே உருவிக்கொண்டன. தவணை தப்பியதும் வசூல் ஆட்கள் உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்தினார்கள். கடன் வாங்கியவரின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. கேட்டதோ சில ஆயிரம் ரூபாய்! 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது: கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், கோப்புகள் எதையும் தொடக்கூடாது. கேமரா, மைக், லொகேஷன் ஆகியவற்றைக் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்காக, வெளிப்படையான சம்மதத்தோடு, ஒரே ஒரு முறை கேட்கலாம். ஆகவே காண்டாக்ட்ஸ் கேட்கும் கடன் செயலியை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

நம்பிக்கை: "டார்ச் செயலிதானே, அது என்ன செய்துவிடும்?"

உண்மை: 'பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்' என்ற டார்ச் செயலி, கோடிக்கணக்கானோரின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பியதாக 2013இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. நிபந்தனைகளை ஏற்பதா மறுப்பதா என்று பயனர் முடிவு செய்யும் முன்பே தகவல் போய்க்கொண்டிருந்ததாம்.

நம்பிக்கை: "அனுமதி தராவிட்டால் செயலி ஓடாது."

உண்மை: பெரும்பாலும் ஓடும். லொகேஷன் தராமலே, ஏறும் இடத்தை டைப் செய்து கால் டாக்சி பிடிக்கலாம். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் ஒவ்வொரு அனுமதியையும் தனித்தனியாக மறுக்கலாம், கொடுத்ததைத் திரும்பப் பெறலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் 'இந்த முறை மட்டும்' என்ற வாய்ப்பும் இருக்கிறது. அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

நம்பிக்கை: "செயலியை நீக்கிவிட்டேன், விட்டது தொல்லை."

உண்மை: இனிமேல் எடுப்பதுதான் நிற்கும். ஏற்கெனவே அவர்களின் சர்வருக்குப் போனது அங்கேயே இருக்கும். நீக்கும் முன் செயலிக்குள் போய்க் கணக்கை அழிக்கச் சொல்லுங்கள்.

இன்றைக்கு ஒரே ஒரு அனுமதியைத்தான் பார்க்க நேரம் என்றால், எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். வங்கி ஓடிபி வருவது அங்கேதான். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்னும் செயலிக் கோப்புகள் குறிவைப்பதும் அதையே. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் பர்மிஷன் மேனேஜர், அதில் எஸ்எம்எஸ். அங்கே உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் உடனே அனுமதியை எடுத்துவிட்டு, அந்தச் செயலியையும் நீக்கிவிடுங்கள்.