வெட்டு, ஆனால் வீசாதே

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய பாட்டின் இரண்டு வடிவங்களையும் கேட்டேன். முதலாவதில் சரணத்துக்கு முன்னால் நீ மூச்சிழுப்பது கேட்கிறது. முடிவில் நாற்காலி கிரீச்சிட, நீயே சிரித்துவிடுகிறாய். இரண்டாவதில் மூச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. சுருதி சுத்தம். பாடுகிற ஆளைத்தான் காணோம்.

எது நன்றாக இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் ஒரு பழைய கதை.

1967 ஜனவரியில் லண்டனில் பீட்டில்ஸ் குழு 'எ டே இன் த லைஃப்' பாட்டைப் பதிவுசெய்யத் தொடங்கியது. குழுவின் லெனன் எழுதிய பகுதிக்கும் மெக்கார்ட்னி எழுதிய பகுதிக்கும் நடுவே என்ன வரும் என்பது முடிவாகவில்லை. 24 பார் (தாளச் சுற்று) காலியாக விட்டார்கள். அந்த இடைவெளி எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமே! உதவியாளர் மால் எவன்ஸ் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினார். முடிவில் அலாரம் கடிகாரம் அடித்தது. பிறகு அந்த இடத்தை ஆர்கெஸ்ட்ரா நிரப்பியது. அலாரமோ அப்படியே தங்கிவிட்டது. அடுத்து வரும் மெக்கார்ட்னியின் பகுதி, ஒருவன் தூங்கி எழுவதில்தானே தொடங்குகிறது!

அதே பாட்டின் கடைசிப் பியானோ ஒலி 40 நொடிக்கு மேல் தேய்ந்துகொண்டே போகும். அது தேயத் தேய, பதிவின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அதில் ஒரு நாற்காலி முனகுவதும் விழுந்துவிட்டது. ஹெட்போன் போட்டுக் கேள். உன் நாற்காலிக்குப் பெரிய இடத்துச் சொந்தம் இருக்கிறது.

'போலீஸ்' இசைக்குழுவின் 'ராக்ஸேன்' (1978) தொடக்கத்திலும் ஒரு அபசுரப் பியானோ, பின்னாலேயே ஒரு சிரிப்பு. மூடியிருக்கிறது என்று நினைத்து, திறந்த பியானோவின் மேல் குழுவின் பாடகர் ஸ்டிங் உட்கார்ந்துவிட்டார்!

இதைப் படித்துவிட்டு வேண்டுமென்றே பிசிறு வைக்காதே. தாளம் தப்பினால் திரும்பப் பாடு. தானாக விழுந்த சத்தம், பாட்டோடு சேர்ந்து பேசுகிறதா என்று மட்டும் பார். உன் மூச்சு பேசுகிறது. அடுத்த வரியைச் சொல்லத் தயங்குகிறவளின் மூச்சு அது. அதை வைத்துக்கொள். சிரிப்பு அப்படியல்ல. பிரிவைப் பாடும் பாட்டின் ஈரத்தை அது துடைத்துவிடுகிறது. எடுத்துவிடு.

ஆனால் எறிந்துவிடாதே. 1969இல் பீட்டில்ஸின் 'அபி ரோடு' தொகுப்புக்காகப் பதிவான 'ஹர் மெஜஸ்டி', 23 நொடிப் பாட்டு. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அது ஒட்டவில்லை என்று மெக்கார்ட்னி தூக்கிப்போடச் சொன்னார். உதவிப் பொறியாளர் ஜான் கர்லாண்டருக்கோ, பீட்டில்ஸ் பதிவு எதையும் எறியக் கூடாது என்று உத்தரவு. வெட்டிய துண்டைச் சுருளின் கடைசியில், வெற்று நாடாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்தார். பிறகு போட்டுக் கேட்டபோது, எல்லாம் முடிந்து, மௌனமாகி, திடீரென்று அது எட்டிப் பார்த்தது. மெக்கார்ட்னிக்குப் பிடித்துப்போனது. இசைத்தட்டும் அப்படியே வந்தது. வெட்டுத் தழும்பு இன்றும் கேட்கும்: முதலில் அதற்கு முன்னால் இருந்த பாட்டின் கடைசி அடி அதன் தலையில் ஒட்டியிருக்கிறது, அதன் சொந்தக் கடைசிச் சுரம் காணாமல் போயிருக்கிறது.

உன் சிரிப்பைத் தனி ஃபோல்டரில் போட்டு வை. அதற்கேற்ற பாட்டை நீ இன்னும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அன்புடன்,
மாமா